பாறை வளருமா? ஒரு பாட்டியின் கணக்கும் வெளுத்த பட்டையும்

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை | ஞாயிறு, மாலை 6.40

மேலூர் வட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை செய்கிறேன். பள்ளிக்கும் கண்மாய்க்கும் நடுவில் ஒரு மொட்டைப் பாறை இருக்கிறது. குப்புறக் கவிழ்த்த வாணலி போன்ற வடிவம். மூன்று ஏக்கர் இருக்கும். ஊரில் அதை நெல்காயப் பாறை என்பார்கள்.

போன வாரம் வகுப்பில் பாறையையும் மண்ணையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் குழந்தை எழுந்து, "டீச்சர், நம் பாறை வளருகிறது என்று அப்பத்தா சொல்கிறதே?" என்று கேட்டாள். கல்லுக்கு உயிர் இல்லை, அது வளராது என்று சொல்லி உட்கார வைத்தேன். மறுநாள் காலை அப்பத்தாவே பள்ளி வாசலில் வந்து நின்றார். அவர் சொன்னது இது: "நான் கல்யாணமாகி வந்த புதிதில் நெல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டே ஒரே எட்டில் பாறைமேல் ஏறிவிடுவேன். முழங்கால் உயரம்தான் இருந்தது. இப்போது என் இடுப்புக்கு நிற்கிறது. வளராமல் எப்படி வந்தது, நீயே சொல்லு தாயி."

எனக்குப் பதில் தெரியவில்லை. மாலையில் பாறையைச் சுற்றி நடந்து பார்த்தேன். அவர் காட்டிய இடத்தில் பாறையின் அடியைச் சுற்றி ஒரு முழத்துக்கு மேல் நிறம் வெளுத்திருக்கிறது. மேலே கறுப்பும் சாம்பலுமாகப் பழைய தோல். கீழே இளஞ்சிவப்பும் வெள்ளையும் வரிவரியாக, இன்றுதான் கழுவிவிட்டதுபோல. நடுவில் கோடு போட்டதுபோல ஓர் எல்லை.

அது என்ன கோடு? பாறை வளர்ந்ததா, இல்லையா? குழந்தைக்கு நான் சரியான பதில் சொல்ல வேண்டும்.

---

வைகைக் கரையான் | ஞாயிறு, இரவு 7.15

பாட்டிக்கு வயதாகிவிட்டது டீச்சர். இளமையில் ஏறிய உயரம் முதுமையில் இரு மடங்காகத் தோன்றும். இதற்கு அறிவியல் விளக்கம் தேட வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

---

சுத்தியலும் திசைகாட்டியும் | ஞாயிறு, இரவு 9.50

தம்பி, அவசரப்பட வேண்டாம். டீச்சர் சொன்ன அந்த வெளுத்த பட்டை வயதானதால் வந்ததல்ல. நான் முப்பத்தோர் ஆண்டுகள் நிலவியல் வரைபடம் போடும் வேலையில் இருந்தவன். ஒரு பாறையைப் பார்க்கப் போனால் முதலில் பார்ப்பது உச்சியை அல்ல, அடியைத்தான்.

டீச்சர், உங்கள் பாறை தனிக் கல் அல்ல. மதுரை, மேலூர் நிலத்துக்கு அடியில் பாய் விரித்ததுபோல் கிடக்கும் பெரிய பாறைத்தளத்தின் ஒரு துண்டுதான் அங்கே தலை காட்டுகிறது. மற்ற இடங்களில் அதே பாறை மண்ணுக்குக் கீழே இருக்கிறது. கிணறு வெட்டுகிறவரைக் கேட்டால் எத்தனை அடியில் என்று சொல்லிவிடுவார். இப்படி வெளியே தெரியும் பாறையை நாங்கள் வெளித்தெரி பாறை என்போம். வரைபடம் போடுகிறவனுக்கு அவைதான் சன்னல்கள். நிலத்தை உடைத்துப் பார்க்காமலே உள்ளே என்ன இருக்கிறது, அடுக்குகள் எந்தத் திசையில் ஓடுகின்றன, எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதை அங்கேதான் படிக்க முடியும். நீங்கள் சொன்ன இளஞ்சிவப்பு, வெள்ளை வரிகள் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் பாறை இளகி மடிந்ததன் தடம். கூர்ந்து பார்த்தால் மிளகு அளவில் சிவந்த மணிகளும் இருக்கலாம். அவை கார்னெட் என்ற கனிமம்.

சரி, அது ஏன் அங்கே மட்டும் வெளியே நிற்கிறது? பாறையில் விரிசல்கள் உண்டு. விரிசல் நெருக்கமாக உள்ள இடத்தில் மழைநீர் உள்ளே இறங்கும். நீரில் கரைந்திருக்கும் மெல்லிய அமிலம் பாறையில் உள்ள பெல்ஸ்பார் என்ற கனிமத்தைக் களிமண்ணாக்கிவிடும். குவார்ட்ஸ் என்ற கெட்டியான கனிமம் மட்டும் மணலாக மிஞ்சும். விரிசல் குறைந்த இடத்தில் நீர் இறங்க வழி இல்லை, அந்தப் பகுதி கெட்டியாகவே நிற்கும். இந்த வேலை மண்ணுக்கு அடியிலேயே கோடிக்கணக்கான ஆண்டுகள் நடக்கும். பிறகு மழையும் ஓடையும் நைந்த மண்ணை அள்ளிக்கொண்டு போகும்போது கெட்டியான பகுதி மட்டும் வெளியே வரும்.

ஆகவே அப்பத்தா கண்டது சரி. அவர் சொன்ன காரணம் மட்டும்தான் வேறு. பாறை மேலே வரவில்லை. சுற்றியிருந்த மண் கீழே போயிருக்கிறது. வெயிலும் மழையும் படும் பாறையில் பாசியும் கல்பாசியும் படிந்து கறுத்துப்போகும். மண்ணுக்குள் இருந்த பாறைக்கு அந்தத் தோல் இருக்காது. உங்கள் வெளுத்த பட்டையின் மேல்கோடுதான் பழைய தரைமட்டம்.

இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. மொட்டைப் பாறை இயற்கையாகத் தேயும் வேகம் ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான். மண் அதைவிட வேகமாக அரிக்கும் என்றாலும், ஒரு மனுஷியின் வாழ்நாளில் முழங்காலிலிருந்து இடுப்புவரை இறங்குவது சாதாரண அரிப்பாகத் தெரியவில்லை. அந்தப் பட்டை பாறையைச் சுற்றி ஒரே அகலமா? ஒரு பக்கம் கூடுதலா? பார்த்துச் சொல்லுங்கள்.

---

வைகைக் கரையான் | ஞாயிறு, இரவு 10.20

மன்னிக்க வேண்டும் டீச்சர். அப்பத்தாவிடமும் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

---

காரைக்காரி | திங்கள், காலை 6.30

எங்கள் ஊர் பெரம்பலூர் மாவட்டம், காரைப் பக்கம். எங்களிடம் இப்படிக் கருங்கல் பாறை கிடையாது. மரம் செடி இல்லாமல் மழை அரித்து அரித்து வரிவரியாகப் பிளந்து கிடக்கும் களிமண் பள்ளங்கள்தான். சின்ன வயதில் அடைமழை விட்டதும் நாங்கள் அங்கே ஓடுவோம். நேற்று இல்லாத கல் நத்தைகள் இன்று மேலே கிடக்கும். மழை பெய்தால் கல் முளைக்கிறது என்றுதான் நம்பியிருந்தோம்.

பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அது கடலடி. நாங்கள் நத்தை என்றவை அம்மோனைட்டுகள் என்ற, அழிந்துபோன கடல் உயிரினங்கள், அவை மண்ணில் புதைந்து கல்லாகிவிட்டன. அங்கேயும் முளைக்கவில்லை, மழை மேல்மண்ணைக் கழுவிக்கொண்டு போயிருக்கிறது. பாட்டி சொன்னதைப் படித்ததும் என் பாவாடையில் கல் நத்தைகளைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடியது நினைவு வந்துவிட்டது.

அந்தப் பள்ளங்களைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக இந்திய நிலவியல் ஆய்வுத் துறை அறிவித்திருக்கிறது. பக்கத்தில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்லான மரமும் இருக்கிறது. அதையும் மண் விலகித்தான் பார்த்தார்கள்.

---

மூன்று தலைமுறை உளி | திங்கள், மதியம் 1.05

நான் கல்வேலைக் குடும்பம். தாத்தா கோயில் வேலை, அப்பா அம்மி, ஆட்டுக்கல், எனக்கு இப்போது படிக்கல்லும் வேலிக்கல்லும். நிலவியல் ஐயா சொன்னதை எங்கள் மொழியில் சொல்கிறேன்.

பாறை வெங்காயம் மாதிரி. தோல் தோலாக இருக்கும். நாங்கள் ஓடு என்போம். வெயில் தாழ்ந்த நேரத்தில் பாறையின்மேல் நடந்து சம்மட்டியின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போவார் தாத்தா. ஒரு இடத்தில் "ணங்" என்று கேட்கும். அங்கே கல் ஒட்டியிருக்கிறது. இன்னோர் இடத்தில் "பொத்" என்று கேட்கும். அங்கே ஓடு கழன்றிருக்கிறது. அந்த இடத்தில் விறகு அடுக்கித் தீ மூட்டுவார்கள். சூடு ஏற ஏற ஓடு தானாக உப்பிக் கிளம்பும். அதை எடுத்து ஆப்புக்குழி வெட்டிப் பிளப்பார்கள். பழைய காலத்தில் குழிக்குள் காய்ந்த மர ஆப்பை அடித்துத் தண்ணீர் ஊற்றுவார்களாம். மரம் ஊறி விரியக் கல் பிளந்துவிடும். மாமல்லபுரத்தில் பாறைமேல் வரிசையாகப் புள்ளி வைத்ததுபோல் இருக்கும் குழிகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குழி வரிசையைப் பார்த்ததும் எனக்குக் கையில் சம்மட்டி இருப்பதுபோல் ஆகிவிடும்.

ஏன் பாறை ஓடு ஓடாக இருக்கிறது என்று தாத்தாவுக்குத் தெரியாது. ஐயா சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பாறையைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே கல் உடைக்கிறவன்தான் குற்றவாளி என்று முடித்துவிடுகிறார்கள். உளிக்காரன் ஒரு பாறையில் மூன்று தலைமுறை வேலை செய்தாலும் பாறை அங்கேயே இருக்கும். இயந்திர அறுவை வந்தால் மூன்று ஆண்டில் குளமாகிவிடும். இரண்டையும் ஒன்றாக எண்ண வேண்டாம்.

---

சுத்தியலும் திசைகாட்டியும் | திங்கள், மாலை 5.30

உளிக்காரத் தம்பி, நான் கல்லூரியில் படித்ததைவிட உங்கள் தாத்தா காதால் கேட்டுத் தெரிந்துகொண்டது நுணுக்கமானது.

அந்த ஓடுகளுக்குக் காரணம் அழுத்தம். இந்தப் பாறைகள் பல கிலோமீட்டர் ஆழத்தில் உருவானவை. மேலே அவ்வளவு பாரம் இருந்தது. அரிப்பால் பாரம் குறையக் குறையப் பாறை மெல்ல விரிகிறது. விரிவதற்கு இடம் மேல் பக்கம்தான் உண்டு. ஆகவே மேற்பரப்புக்கு இணையாக விரிசல் விழுந்து ஓடுகள் பிரிகின்றன. வாணலி கவிழ்த்த வடிவம் வந்ததும் அதனால்தான். மூலைகள் ஓடோடு கழன்று விழுந்துவிடும், வளைவு மட்டும் நிற்கும். சமவெளியில் தனியாக எழுந்து நிற்கும் இத்தகைய குன்றுகளைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் பார்த்து வியந்த ஜெர்மானியர் போர்ன்ஹார்ட் 'தீவுமலை' என்று பொருள்படும் சொல்லால் குறித்தார். கடலில் தீவு எப்படியோ அப்படி. மதுரைக்குப் பக்கத்து யானைமலையை ஒத்தக்கடைப் பக்கமிருந்து ஒருமுறை பார்த்தால் அந்தச் சொல் புரியும்.

மாமல்லபுரத்தில் சரிவில் நிற்கும் பெரிய உருண்டைக் கல், கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டையும் இதே கதைதான். யாரும் உருட்டிக்கொண்டு வந்து வைத்ததல்ல. குறுக்கும் நெடுக்குமாக விரிசல் விழுந்த பாறையில் கட்டியின் மூலைகள் நைந்து, நடுப்பகுதி உருண்டையாக மிஞ்சி, சுற்றியிருந்த நைந்த மண் கழுவப்பட்டுக் கல் தனியே நிற்கிறது.

உங்கள் தொழிலைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். பரங்கிமலைப் பாறைக்கு உலகப் பெயர் கிடைத்ததே ஒரு கல்தச்சன் செதுக்கிய கல்லறைக் கல்லால்தான். கொல்கத்தாவில் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறை இருக்கிறது. அந்தக் கல் சென்னைப் பக்கத்துக் கல். கறுத்து, நீலம் பாய்ந்து, எண்ணெய் தடவியதுபோல் இருக்கும். 1893-இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து அந்த வகைக்குச் சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார். இன்று அண்டார்க்டிகாவில் அதே வகைப் பாறையைக் கண்டாலும் அந்தப் பெயரால்தான் எழுதுகிறார்கள். பரங்கிமலையில் அது வெளித்தெரியும் இடமும் தேசிய நிலவியல் நினைவுச்சின்னம்.

---

உறையூர் நெசவாளர் | திங்கள், இரவு 8.10

எங்கள் மலைக்கோட்டைப் பாறைக்கு 380 கோடி வயது, இமயமலையைவிட மூத்தது, உலகிலேயே பழமையானது என்று சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தோம். வெளியூர் நண்பர்களை அழைத்துப் போனால் முதலில் அதைத்தான் சொல்வேன். மேலூர்ப் பாறைக்கு எவ்வளவு?

---

சுத்தியலும் திசைகாட்டியும் | திங்கள், இரவு 9.40

உங்கள் பெருமையைக் குறைக்க எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் அந்த எண்ணைத் தொடர்ந்து சொல்ல வேண்டாம் என்றே கேட்டுக்கொள்வேன். இமயமலையைவிட மூத்தது என்பது உண்மை. அந்தப் பெருமை திருச்சிக்கு மட்டும் உரியதல்ல. தமிழ்நாட்டில் நீங்கள் காலால் இடறும் கருங்கல் ஒவ்வொன்றுக்கும் அது உண்டு.

வயதை இப்படிக் கணக்கிடுகிறார்கள். பாறைக்குள் ஜிர்கான் என்ற நுண்படிகம் இருக்கும். அது உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும், ஈயத்தைச் சேர்க்காது. யுரேனியம் ஒழுங்கான வேகத்தில் ஈயமாக மாறும். இன்று எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் படிகம் பிறந்த காலம் தெரியும். அந்த முறையில் கனடாவில் அகஸ்தா ஆற்றுப் பக்கத்துப் பாறைகளுக்கு ஏறத்தாழ 400 கோடி ஆண்டு வந்திருக்கிறது. நம் சென்னை, சேலம் பக்கத்துப் பாறைகள் பலவற்றுக்குச் சுமார் 250 கோடி. மதுரைப் பக்கம் போனால், ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதி ஒன்றானபோது மறுபடி வெந்து உருமாறிய தடம் பல பாறைகளில் தெளிவாகத் தெரிகிறது. மேலூர் வரிப்பாறைகள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை.

முக்கியமாக ஒன்று: பாறையின் வயது வேறு, குன்றின் வயது வேறு. கல் கோடிக்கணக்கான ஆண்டுக்கு முன் ஆழத்தில் பிறந்தது. அது வெளிச்சத்துக்கு வந்தது வெகு பின்னால். டீச்சருடைய பாறையின் அடிப்பட்டை வெளிச்சத்துக்கு வந்தது அப்பத்தாவின் காலத்தில்.

---

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை | செவ்வாய், மாலை 5.15

ஐயா கேட்டபடி இன்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு சுற்றி வந்தேன். பட்டை ஒரே அகலம் இல்லை! வடக்கே, கண்மாய்ப் பக்கம், ஒரு சாண்கூட இல்லை. தெற்கே, தார்ச்சாலைப் பக்கம், என் இடுப்பளவு. அந்தப் பக்கம் பாறையின் அடி உள்வாங்கி வளைந்திருக்கிறது. பிள்ளைகள் அதற்குள் உட்கார்ந்து நிழலாக இருக்கிறது என்றார்கள்.

சிவந்த மணிகளையும் கண்டுபிடித்துவிட்டார்கள். மாதுளை விதை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

---

கேழ்வரகுக் காடு | செவ்வாய், இரவு 7.30

டீச்சர் அக்கா, நான் கிருஷ்ணகிரிப் பக்கம் மானாவாரி விவசாயம் செய்கிறவள். எங்கள் நிலத்தை ஒட்டியும் ஒரு பாறை. வருவாய்த் துறைப் பதிவேட்டில் கல்லாங்குத்துப் புறம்போக்கு என்று இருக்கும். ஒன்றுக்கும் உதவாத இடம் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு வருகிறவர் போகிறவர் எல்லாம் அதைக் கேட்கிறார்கள். என் மாமனார் அதை "நம் மேல்தொட்டி" என்பார்.

அவர் போட்ட கணக்கை உங்கள் பாறைக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். மூன்று ஏக்கர் ஏறத்தாழ 12,000 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் கொட்டினால் 6 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி ஐம்பது! மண்ணாக இருந்தால் முதல் மழையைத் தானே குடித்துவிடும். பாறை குடிக்காது, கொஞ்சம் நனைந்து மிச்சத்தை எல்லாம் அடிவாரத்துக்குத் தள்ளிவிடும். அங்கே இருக்கும் மண்ணும் சரளையும் மொரம்பும் அதை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகக் கிணற்றுக்கு விடும். அதனால்தான் பாறையடிக் கிணறு சித்திரையிலும் வற்றாது என்பார்கள். பாறை மட்டும் இருந்தால் போதாது அக்கா. அதன் காலடி மண் இருந்தால்தான் தொட்டி.

ஆகவே நேரடியாகக் கேட்கிறேன். சாலைப் பக்கம் இடுப்பளவு, கண்மாய்ப் பக்கம் ஒரு சாண் என்றால் அது மழை செய்த வேலையாகத் தெரியவில்லை. அங்கே யாராவது கிராவல் அள்ளினார்களா? அந்தப் பக்கத்துக் கிணறு எப்படி இருக்கிறது?

---

சுத்தியலும் திசைகாட்டியும் | செவ்வாய், இரவு 8.20

நான் கேட்க வந்ததை அம்மா கேட்டுவிட்டார்.

உள்வளைந்த அடியைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். பாறைமேல் விழும் நீர் முழுதும் வந்து சேரும் இடம் அடிவாரம். அங்கே மண் எப்போதும் ஈரமாக இருப்பதால் மண்ணுக்குள் இருக்கும் பாறை அதிகம் நைந்து குழிகிறது. மண் விலகினால் வளைவு வெளியே தெரியும். ஆஸ்திரேலியாவின் மேற்கே ஹைடன் என்ற ஊரில் 15 மீட்டர் உயரம், 110 மீட்டர் நீளத்துக்கு உறைந்த கடலலைபோல் ஒரு பாறை நிற்கிறது. உலகமே வந்து படம் எடுக்கிறது. அதுவும் மண்ணுக்கடியில் குழிந்து பிறகு வெளியே வந்த அடிதான். அந்த அலையின் உச்சியில் தாழ்வான சுவர் ஒன்று ஓடும். பாறைமேல் விழும் மழையைத் திருப்பி நீர்த்தேக்கத்துக்குக் கொண்டுபோகக் கட்டியது. அம்மாவின் மாமனார் சொன்ன மேல்தொட்டியை அங்கேயும் ஒருவர் கண்டிருக்கிறார்.

---

படுக்கை தேடி | செவ்வாய், இரவு 11.00

வார இறுதிகளில் பாறைப் படுக்கைகளையும் கல்வெட்டுகளையும் தேடி அலைகிறவன். மேலூர் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் வட்டத்தில் எந்தப் பாறையையும் வெறும் பாறை என்று ஒதுக்க முடியாது டீச்சர். மாங்குளத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் சொல்லும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துகள் இருப்பது இயற்கையாகக் கவிந்து நிற்கும் பாறைக் குகைகளில்தான். 1882-இல் ராபர்ட் சீவெல் என்ற ஆங்கிலேயர் அவற்றைக் கண்டார். ஐயா சொன்ன ஓடு கழன்று விழுந்த இடம்தான் குகை. அதன் அடியில் தரையைச் சமன்செய்து சமணத் துறவிகளுக்குப் படுக்கை வெட்டினார்கள். மழைநீர் உள்ளே வழியாமல் இருக்க குகையின் நெற்றியில் ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டியிருப்பார்கள். பல இடங்களில் அந்தக் காடிக்குக் கீழேதான் எழுத்து இருக்கும். எனக்கு அந்தக் காடி எழுத்தைவிடப் பிடிக்கும். பாறையில் நீர் எப்படி ஓடும் என்று உட்கார்ந்து பார்த்த ஒருவன் வெட்டியது அது.

யானைமலையை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழிக் கல்வெட்டில் அதன் பெயர் இவகுன்றம். இவம் என்றால் யானை. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னும் அது யானையாகவே கிடந்திருக்கிறது. கி.பி. 770-இல் மாறன் காரி என்ற பாண்டிய அமைச்சர் அதன் அடியில் நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரை எடுத்தார்.

மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியைப் பற்றி இங்கே எல்லோரும் அறிவீர்கள். 2022-இல் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது, 193 ஹெக்டேர். வல்லூறும் ராசாளியும் அந்தப் பாறை இடுக்குகளில்தான் கூடு வைக்கின்றன. 2024 நவம்பரில் அந்த வட்டாரத்தை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தபோது ஊர் ஊராக மக்கள் திரண்டதும், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானதும் உங்கள் கண் முன்னே நடந்தவை. நான் அந்த நாட்களில் அங்கே இருந்தேன். மேடையில் பேசிய மூதாட்டி ஒருவர் பாறையைப் பற்றிப் பேசவே இல்லை, அதன் சுனைகளைப் பெயர் சொல்லிச் சொல்லி எண்ணினார்.

உங்கள் பாறையில் சுனை உண்டா?

---

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை | புதன், இரவு 8.45

எழுதும்போது கை நடுங்குகிறது.

இன்று மாலை அப்பத்தாவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். கிராவல் அள்ளினார்களா என்ற கேள்வியை நான் முடிப்பதற்குள் "ஆமாம் தாயி" என்றார். நான்கு வழிச்சாலை போட்ட காலத்தில் இரண்டு கோடைக்கு இராத்திரியும் பகலும் லாரிகள் வந்தனவாம். பாறை ஓரத்துச் சரளை நல்ல சரளை, சாலைக்குக் கெட்டியாகப் பிடிக்கும் என்று தெற்குப் பக்கம் முழுவதும் வழித்தெடுத்திருக்கிறார்கள். ஊருக்கு ஏதோ பணம் கொடுத்ததாகப் பேச்சு. அந்தப் பள்ளத்தில் கருவேலம் முளைத்து மூடிவிட்டதால் பிற்பாடு வந்த எங்களைப் போன்றவர்கள் அதைப் பள்ளம் என்றே கவனிக்கவில்லை.

"லாரி வந்தது தெரியும், மண் போனது தெரியும், பிறகு ஏன் பாறை வளர்ந்தது என்றீர்கள்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "என் மாமியாரும் வளருகிறது என்றுதான் சொல்லுவார். லாரி வருவதற்கு ரொம்ப காலம் முன்னாடி" என்றார். ஆகவே இரண்டும் நடந்திருக்கிறது. முன்பு மெதுவாக, பிறகு ஒரேயடியாக.

கேழ்வரகுக் காட்டுத் தங்கைக்கு: தெற்குப் பக்கம் ஒரு கிணறு இருந்தது. பள்ளிக் குழந்தைகள் முன்பு அதில்தான் தண்ணீர் இறைத்தார்களாம். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே வறண்டிருந்தது. குழந்தைகள் விழுந்துவிடக் கூடாதென்று வாயை மூடச் சொல்லி மனு எழுதியவளே நான்தான். வடக்குப் பக்கத்துக் கிணற்றில் இன்றும் நீர் இருக்கிறது.

சுனையும் உண்டு. உச்சியில் மூன்று குழிகள். இரண்டில் நீர் நிற்கும். பெரியது மண்ணும் கண்ணாடிச் சில்லும் நிறைந்து தூர்ந்து கிடக்கிறது.

---

கேழ்வரகுக் காடு | புதன், இரவு 9.10

அக்கா, மனு எழுதியதற்காக வருந்தாதீர்கள். பிள்ளை விழாமல் இருந்ததே பெரிது.

---

வைகைக் கரையான் | வியாழன், காலை 7.00

நான் மேலூரில்தான் தட்டச்சகம் வைத்திருக்கிறேன். கிராம சபையில் வைக்க மனு தட்டச்சு செய்ய வேண்டுமானால் செய்து தருகிறேன். பாறையின் சர்வே எண், பழைய பதிவேட்டில் வகைப்பாடு என்ன என்று எடுத்தும் கொடுக்கிறேன். கூடவே ஒரு யோசனை: இனிமேல் மண் குறைந்தால் தெரிய வேண்டுமே, பாறையில் இன்றைய தரைமட்டத்தில் மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டுவிடலாமா?

---

படுக்கை தேடி | வியாழன், காலை 7.25

பெயிண்ட் வேண்டாம்! தயவுசெய்து வேண்டாம். கட்சிப் பெயரும் காதலர் பெயரும் எழுதிப் படுக்கைகள் பாழானதை ஊர் ஊராகப் பார்த்துவிட்டேன். கல்வெட்டு இருக்கிறதா என்று முழுதும் பார்க்காத பாறையில் தூரிகை படவே கூடாது.

---

மூன்று தலைமுறை உளி | வியாழன், மதியம் 12.40

பெயிண்ட் நிற்கவும் நிற்காது. நான்கு அடி நீளத்தில் வேலிக்கல் இருக்கிறது. ஒரு பக்கம் சாண் சாணாகக் கோடு செதுக்கித் தருகிறேன். பாறையிலிருந்து இரண்டு அடி தள்ளி மண்ணில் பாதி புதைத்து நட்டுவிடுங்கள். மண் குறைந்தால் எத்தனை கோடு வெளியே வந்தது என்று பிள்ளைகளே எண்ணிவிடுவார்கள். ஆறு கல் தருகிறேன். என் பிள்ளையோடு ஞாயிற்றுக்கிழமை நானே ஏற்றிக்கொண்டு வருகிறேன், கூலி பேச வேண்டாம்.

---

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை | ஞாயிறு, இரவு 8.00

உளிக்காரத் தம்பி காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். ஆறு கல்லும் நட்டாகிவிட்டது. நடுவதற்கு முன் பிள்ளைகள் அளவுகோல் கொண்டு பன்னிரண்டு இடத்தில் வெளுத்த பட்டையை அளந்தார்கள். வடக்கே மிகக் குறைவு 14 சென்டிமீட்டர். தெற்கே மிக அதிகம் 91. அப்பத்தா மூட்டையோடு ஏறிய இடத்தை அவரே காலால் தட்டிக் காட்டினார். அங்கே 52.

முழங்காலுக்கும் இடுப்புக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அப்பத்தாவையே நிற்க வைத்து அவருடைய பேத்தி அளந்தாள். 49 வந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் வகுப்பில் உட்கார வைத்ததற்கு எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

உளிக்காரத் தம்பி உச்சியில் சம்மட்டியைத் திருப்பித் தட்டித் தட்டிக் காட்டினார். எங்கே "ணங்", எங்கே "பொத்" என்று பிள்ளைகள் பாறையில் காது வைத்துக் கேட்டுக் கூச்சலிட்டார்கள். மேற்கே "பொத்" என்று கேட்ட ஓர் ஓட்டின் இடுக்கிலிருந்து பெரிய ஆந்தை ஒன்று எழுந்து பறந்தது, காதுபோல் இரண்டு கொம்பு. அங்கே போக வேண்டாம் என்று பிள்ளைகளைத் தடுத்துவிட்டேன்.

மனு தயாராகிவிட்டது. தெற்குப் பள்ளத்தில் கல்வரப்பு போட்டு மண்ணைத் தங்க வைக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறோம். இனி ஐயாவிடம் ஒரு கேள்வி. தூர்ந்த பெரிய சுனையை ஐப்பசி மழைக்கு முன்னால் நாங்களே தூர் வாரலாமா? எதையாவது கெடுத்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

---

சுத்தியலும் திசைகாட்டியும் | ஞாயிறு, இரவு 9.30

வாரலாம் டீச்சர். ஆனால் கடப்பாரை வேண்டாம், கைக்கொத்தும் கூடையும் போதும். கண்ணாடிச் சில்லைப் பெரியவர்கள் முதலில் எடுத்துவிடுங்கள். ஒரு சாண் ஆழத்துக்கு ஒரு குவியல் என்று மண்ணைத் தனித்தனியாகப் பாறைமேலேயே கொட்டுங்கள், வெளியே வீச வேண்டாம். அடியில் பானை ஓடு கிடைத்தால் அந்த இடத்தோடு நிறுத்திவிட்டுப் படுக்கை தேடித் தம்பிக்குச் சொல்லுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் அந்த வண்டலைத் தெற்குப் பள்ளத்தில் கல்வரப்புக்கு உள்பக்கம் போட்டுவிடுங்கள். அது அந்தப் பாறையின் மண்தான்.

ஆந்தை இருக்கும் மேற்குப் பக்கத்தைப் பங்குனி முடியும்வரை விட்டுவிடுங்கள், குஞ்சு இருக்கக்கூடும். நான் அடுத்த சனிக்கிழமை மதுரைக்கு வருகிறேன். காலை எட்டு மணிக்குப் பாறையில் இருப்பேன். அப்பத்தாவும் வர முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.